கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? எதுவரைக்கும் வந்து நின்னுச்சுன்னு முதல்ல பாருங்க

எங்க சித்தப்பா கும்பகோணத்துல இருக்காரு. அவர்கிட்ட 2008ல அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு, கோர் டூ டுவோ ப்ராசஸர், 2 ஜிபி டிடிஆர்2 ராம் (ஓடும்போது மட்டும் தகவல வச்சுக்குற மெமரி), விண்டோஸ் எக்ஸ்பி. ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர் அதுலதான் ஓடுது, அதனால அதை மாத்தவும் மாட்டாரு, தூக்கிப் போடவும் விட மாட்டாரு. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எனக்கு போன் வந்துடும்.

"டேய் தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆகலடா."

"பட்டன் அமுக்குனா என்ன ஆகுது சித்தப்பா?"

"ஒண்ணுமே ஆகல."

"ஃபேன் சுத்துதா?"

"அது சுத்துது."

"லைட்டு?"

"லைட்டும் எரியுது. ஆனா ஆன் ஆகல."

இதுதான் பிரச்சனையே. நம்ம ஊர்ல "ஆன் ஆகல"ங்கற ஒரே வார்த்தைய மூணு நாலு விஷயத்துக்கு சொல்றோம். பட்டன் அமுக்குனா பொணம் மாதிரி கெடக்குதுன்னாலும் ஆன் ஆகல, ஃபேன் சுத்தி மானிட்டர் கருப்பா இருந்தாலும் ஆன் ஆகல, விண்டோஸ் லோகோ வரைக்கும் வந்துட்டு அங்கேயே நின்னாலும் ஆன் ஆகல. இது மூணும் மூணு வேற வியாதி, மருந்தும் வேற வேற. இது தெரியாம கடைக்கு தூக்கிட்டுப் போய் "ஆன் ஆகல அண்ணா"ன்னு சொன்னா பாதி எடத்துல ஃபார்மட் பண்ணித்தான் குடுப்பாங்க, ராம்ல தூசி இருந்ததுக்கு உங்க பத்து வருஷ போட்டோ போயிருக்கும்.

வீட்டுக் குழாய்ல தண்ணி வரலன்னா என்ன பண்ணுவோம், கரண்ட் இருக்கா, மோட்டார் ஓடுதா, டேங்க்ல ஏறுதா, டேங்க்ல இருந்து எறங்குற வால்வு தொறந்திருக்கான்னு வரிசையா பாப்போம்ல, யாரும் எடுத்த எடுப்புல குழாயக் கழட்ட மாட்டோம். கம்ப்யூட்டரும் அதே மாதிரி வரிசையாத்தான் முழிச்சுக்குது. அந்த வரிசை தெரிஞ்சா போதும், ரிப்பேர்ல பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

சரி, பட்டன் அமுக்குன உடனே உள்ள என்னதான் நடக்குது?

முதல்ல ஒரு விஷயம், முன்னாடி இருக்குற பவர் பட்டன் வழியா 230 வோல்ட் போறதில்ல. அந்த பட்டன்ல இருந்து ரெண்டு மெல்லிசு வயர் மதர்போர்டுல (எல்லா பாகத்தையும் சொருகி வச்சிருக்குற பெரிய அட்டை, இனிமே சுருக்கமா போர்டு) ரெண்டு பின்னுக்கு போகும், அமுக்குனா அந்த ரெண்டு பின்னும் ஒட்டிக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. பிளக் சொருகி சுவிட்ச் போட்ட உடனேயே எஸ்எம்பிஎஸ் (அதான் பின்பக்கம் ஃபேனோட இருக்குற அந்த தகர டப்பா) ஊதா கலர் வயர்ல ஒரு 5 வோல்ட்ட எப்பவும் குடுத்துட்டே இருக்கும், கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் சரி. அந்த கொஞ்சூண்டு கரண்ட்லதான் போர்டு அரைத் தூக்கத்துல காத்துக்கிட்டு இருக்கு. பட்டன் அமுக்குன உடனே போர்டு பச்சை வயர கிரவுண்டுக்கு இழுக்கும், அதைப் பாத்து எஸ்எம்பிஎஸ் முழுசா முழிச்சு மஞ்சள் வயர்ல 12, சிவப்புல 5, ஆரஞ்சுல 3.3 வோல்ட்னு அனுப்பும். எல்லா வோல்ட்டும் ஒழுங்கா நிலைக்கு வந்த பிறகு ஒரு சாம்பல் கலர் வயர்ல "நான் ரெடி"ன்னு சிக்னல் குடுக்கும், அது வர்ற வரைக்கும் ப்ராசஸர போர்டு ஓட விடாம ரீசெட்லயே புடிச்சு வச்சிருக்கும். இதெல்லாம் ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சிடும்.

இப்ப ப்ராசஸர் முழிச்சாச்சு, ஆனா அதுக்கு என்ன செய்யணும்னே தெரியாது, ஏன்னா ராம்ல ஒண்ணுமே இல்ல, கரண்ட் போனா ராம் காலி ஆயிடும்ல. அதனால போர்டுல இருக்குற ஒரு சின்ன சிப்ல எழுதி வச்சிருக்குற பயாஸ்ங்கற ப்ரோக்ராமத்தான் அது முதல்ல படிக்கும். பயாஸ் ஒவ்வொண்ணா தட்டிப் பாக்கும், ராம் இருக்கா, டிஸ்ப்ளே கார்டு இருக்கா, கீபோர்டு இருக்கான்னு. எல்லாம் சரின்னா "பீப்"னு ஒரு குட்டி சத்தம். (கீபோர்டு இல்லன்னா "கீபோர்டு இல்ல, தொடர எஃப்1 அமுக்கு"ன்னு சொல்லும் பாருங்க, அதை எழுதுனவனை நான் பாக்கணும்.) அப்புறம் இந்த மாதிரி பழைய சிஸ்டத்துல ஹார்ட் டிஸ்க்கோட முதல் செக்டர், அதாவது முதல் துண்டு, வெறும் 512 பைட், அதைப் படிக்கும். 512 பைட்னா எவ்வளவுன்னா, யூனிகோட் தமிழ்ல டைப் பண்ணா 170 எழுத்துக்கு மேல அதுல ஏறாது. அந்த குட்டி துண்டுதான் அடுத்த ப்ரோக்ராம கூப்பிடும், அது விண்டோஸ கூப்பிடும், அப்புறம்தான் நமக்கு லோகோ, வெல்கம் ஸ்க்ரீன் எல்லாம்.

ஆக கரண்ட், எஸ்எம்பிஎஸ், போர்டு, ராம், டிஸ்ப்ளே, டிஸ்க், விண்டோஸ். இந்த வரிசையில எது வரைக்கும் வந்துச்சோ அதுக்கு முன்னாடி இருக்குறது எல்லாம் ஏறக்குறைய நல்லா இருக்குன்னு அர்த்தம், அதுக்கு அடுத்ததுலதான் கோளாறு. மானிட்டர்ல எழுத்து வந்துடுச்சுன்னா எஸ்எம்பிஎஸ்ஸ சந்தேகப்படுறத தள்ளி வைக்கலாம், மானிட்டரே கருப்புன்னா விண்டோஸ பத்தி பேசவே வேண்டாம், அது இன்னும் எழுந்திரிக்கவே இல்ல.

ஃபேனும் இல்ல, லைட்டும் இல்ல

இதுதான் இருக்குறதுலயே ஈஸி, ஏன்னா பாதி நேரம் கோளாறு கம்ப்யூட்டர்லயே இருக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போன் சார்ஜர போட்டு சார்ஜ் ஏறுதான்னு பாருங்க. யுபிஎஸ் இருந்தா அதை விட்டுட்டு நேரா செவுத்து பிளக்ல போட்டுப் பாருங்க, யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனா சில மாடல் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாது. எஸ்எம்பிஎஸ் பின்னாடி ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், வீடு கூட்டும்போது தொடப்பக்கட்டை பட்டு அது ஆஃப் ஆகியிருக்கும், சிரிக்காதீங்க, நான் இதுக்காக பஸ் ஏறிப் போயிருக்கேன். பவர் கார்ட மானிட்டரோட கார்டோட மாத்தி போட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்புறமும் வரலன்னா கேபினெட்டோட சைடு மூடியக் கழட்டணும். கழட்டுறதுக்கு முன்னாடி பிளக்க புடுங்கிடுங்க, புடுங்கிட்டு பவர் பட்டன ஒரு அரை நிமிஷம் அமுக்கிப் புடிங்க, உள்ள மிச்சம் இருக்குற கரண்ட் வடிஞ்சிடும். சில நேரம் இதை மட்டும் பண்ணி திரும்ப சொருகுனாலே உயிர் வந்துடும், லேப்டாப்பா இருந்தா பேட்டரியயும் கழட்டிட்டு இதே மாதிரி பண்ணிப் பாக்கலாம். எஸ்எம்பிஎஸ் டப்பாவ மட்டும் திறக்காதீங்க. உள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்க புடுங்குன பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும், அது விளையாட்டு இல்ல.

மூடிய கழட்டிட்டு பிளக்க திரும்ப சொருகிப் பாத்தா பல போர்டுல ஒரு குட்டி எல்இடி எரியும், அது எரிஞ்சா நான் சொன்ன அந்த ஊதா வயர் 5 வோல்ட் வருதுன்னு அர்த்தம். அப்ப பவர் பட்டனே மக்கர் பண்ணுதான்னு பாக்கணும். பழைய கேபினெட்ல அந்த பட்டன் உள்ள போய் ஒட்டிக்கும், இல்ல தொடர்பே விட்டுப் போயிருக்கும். பிளக்க எடுத்துட்டு, ரீசெட் பட்டனோட வயர கழட்டி பவர் பட்டன் இருந்த பின்ல சொருகுங்க, இனிமே ரீசெட் பட்டன்தான் உங்க பவர் பட்டன். எங்க மாமா வீட்டு சிஸ்டம் மூணு வருஷமா இப்படித்தான் ஓடுது.

எஸ்எம்பிஎஸ்ஸ தனியா டெஸ்ட் பண்றதும் பெரிய வித்தை இல்ல. பிளக்க எடுத்துட்டு, போர்டுல இருந்து அந்த அகலமான 24 பின் கனெக்டர கழட்டி, ஒரு பழைய டிவிடி ட்ரைவ் இல்ல கேபினெட் ஃபேன் எதையாவது லோடுக்கு மாட்டிட்டு, பச்சை வயர் ஓட்டையிலயும் பக்கத்துல இருக்குற கருப்பு வயர் ஓட்டையிலயும் வளைச்ச ஜெம் கிளிப்ப சொருகிட்டு அப்புறம் பிளக் போடுங்க. எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுத்துச்சுன்னா அதுக்கு உயிர் இருக்கு. ஆனா ஃபேன் சுத்துறதால மட்டும் அது நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது, மல்டிமீட்டர் இருந்தா மஞ்சள்ல 11.4ல இருந்து 12.6க்குள்ள, சிவப்புல 4.75ல இருந்து 5.25க்குள்ள காட்டணும். அதுக்கு வெளிய போச்சுன்னா எஸ்எம்பிஎஸ்ஸ மாத்திடுங்க, ரிப்பேர் பண்ணாதீங்க. கேபினெட்டோட ஃப்ரீயா வந்த எடை குறைஞ்ச எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தா இன்னும் சந்தோஷமா மாத்துங்க.

(கேபினெட்ட தொட்டா சுர்ருனு ஷாக் அடிக்குதா? அது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் தப்பு இல்ல, உங்க வீட்டு பிளக்ல எர்த் இல்ல. கம்ப்யூட்டர் ஆளுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க.)

ஃபேன் சுத்துது, மானிட்டர் கருப்பு

சித்தப்பா கேஸ் இதுதான், பழைய டெஸ்க்டாப்ல நான் பாத்த வரைக்கும் அதிகமா வர்றதும் இதுதான், அதனால இதை கொஞ்சம் நிதானமா பாப்போம்.

மொதல்ல கீபோர்டுல நம் லாக் (Num Lock) கீய அமுக்கிப் பாருங்க. லைட் மாறி மாறி எரிஞ்சு அணைஞ்சா சிஸ்டம் உள்ள உயிரோட ஓடிட்டு இருக்கு, மானிட்டர், கேபிள் பக்கம்தான் தப்பு. தனியா கிராபிக்ஸ் கார்டு (டிஸ்ப்ளே கார்டுதான்) போட்டிருக்குற சிஸ்டத்துல மானிட்டர் கேபிள போர்டுல இருக்குற விஜிஏ போர்ட்ல சொருகிட்டு படம் வரலன்னு சொல்றவங்க நெறைய பேரு, கார்டுல இருக்குற போர்ட்லதான் சொருகணும்.

லைட் மாறவே இல்லன்னா பயாஸே முன்னாடி நகரலன்னு அர்த்தம். அடுத்து காது குடுங்க. போர்டுல ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்தா அது பேசும். அவார்டு பயாஸ்ல ஒரு நீளம் ரெண்டு குட்டி பீப் வந்தா டிஸ்ப்ளே கார்டு, நீளமா விட்டு விட்டு கத்திக்கிட்டே இருந்தா ராம். ஏஎம்ஐ பயாஸ்ல மூணு குட்டி பீப்னா ராம், எட்டுன்னா டிஸ்ப்ளே மெமரி. போர்டுக்கு போர்டு கொஞ்சம் மாறும், உங்க போர்டோட மேனுவல்ல பட்டியல் இருக்கும். ஸ்பீக்கரே இல்லன்னா எலக்ட்ரானிக்ஸ் கடையில போய் பஸ்ஸர்னு கேளுங்க, ஒரு டீ வடை காசுக்கு கெடைக்கும், நாலு பின் வயரோட வரும்.

ஸ்பீக்கர் இருந்துச்சுன்னா ஒரு சூப்பர் டெஸ்ட் இருக்கு. பிளக்க எடுத்துட்டு ராம் எல்லாத்தையும் கழட்டிடுங்க, கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. ராம் இல்லன்னு போர்டு கத்தணும். கத்துச்சுன்னா சந்தோஷப்படுங்க, ஏன்னா கத்துறதுக்கு ப்ராசஸர் வேணும், பயாஸ் வேணும், போர்டு வேணும், எஸ்எம்பிஎஸ் வேணும், எல்லாம் உயிரோட இருக்கு, மிச்சம் ராமும் டிஸ்ப்ளேவும்தான். கத்தவே இல்லன்னா கொஞ்சம் கவலைப்படலாம், ப்ராசஸர் பக்கத்துல தனியா சொருகுற 4 பின் மஞ்சள் கருப்பு கனெக்டர் இறுக்கமா இருக்கான்னு பாருங்க, அது லூஸா இருந்தா ஃபேன் எல்லாம் ஜம்முனு சுத்தும், ப்ராசஸருக்கு மட்டும் சோறு போகாது.

இப்ப ராம். சித்தி கையால வீடியோ கால்ல பண்ண வச்சேன், அதனால நீங்களும் பண்ணலாம். பிளக் எடுத்தாச்சா, கேபினெட்டோட இரும்பு பாகத்த ஒரு தடவை தொடுங்க, உடம்புல இருக்குற ஸ்டேட்டிக் போயிடும். ராம் ஸ்லாட்டோட ரெண்டு முனையிலயும் வெள்ளை கிளிப் இருக்கும், ரெண்டையும் வெளிப்பக்கமா தள்ளுனா ராம் தானா எழும்பி நிக்கும். ஓரத்த புடிச்சு எடுங்க, சிப்ப தொடாதீங்க. கீழ பித்தளை கலர்ல பல்லு பல்லா இருக்குல்ல, ஒரு பக்கத்துக்கு 120, ரெண்டு பக்கமும் சேத்து 240. சித்தி எடுத்து கேமரா முன்னாடி காட்டுனப்ப அது பித்தளை கலர்லயே இல்ல, பழுப்பா ஒரு படலம் படிஞ்சிருந்துச்சு. சிஸ்டம் இருக்குறது பூஜை ரூம் பக்கத்துல, வெள்ளிக்கிழமை தவறாம சாம்பிராணி, அந்த புகையும் தூசியும் சேந்து எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டியிருக்கு. ஸ்கூல் பசங்க பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பர் இருக்குல்ல, அதை எடுத்து மேல இருந்து கீழ ஒரே பக்கமா தேய்க்கச் சொன்னேன், அழுத்தி இல்ல, எழுத்து அழிக்கிற அளவுக்கு. ரப்பர் கருப்பாச்சு, பல்லு பளபளன்னு வந்துச்சு. ரப்பர் துகள ஊதிடாதீங்க, எச்சில் படும், காஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால தட்டிவிடுங்க, ஸ்லாட் உள்ளயும் அதே பிரஷ்ஷால ரெண்டு இழுப்பு.

திரும்ப போடும்போது ராம்ல நடுவுல ஒரு வெட்டு இருக்கும், அது ஸ்லாட்ல இருக்குற மேட்டோட பொருந்தணும், திருப்பி வச்சா ஏறாது. ரெண்டு பக்கமும் டக், டக்குனு கிளிப் தானா மூடிக்கணும், ஒரு சத்தம்தான் வந்துச்சுன்னா ஒரு பக்கம் சரியா உக்காரல. ரெண்டு ராம் இருந்தா ஒண்ணு மட்டும் போட்டு, ஸ்லாட் மாத்தி மாத்தி பாருங்க, எது செத்ததுன்னு தெரிஞ்சிடும். புதுசா வாங்குறதுன்னா பழசக் கையில கொண்டு போங்க, டிடிஆர்2, டிடிஆர்3 ரெண்டுக்கும் 240 பின்தான், பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா வெட்டு வேற எடத்துல இருக்கும், ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது, பலம் காட்டுனா ஸ்லாட்தான் உடையும்.

அதுக்கும் வரலன்னா எல்லாத்தையும் உருவிடுங்க. ஹார்ட் டிஸ்க், டிவிடி, யுஎஸ்பி, கிராபிக்ஸ் கார்டு (போர்டுலயே டிஸ்ப்ளே போர்ட் இருந்தா மட்டும்), எல்லாம். ப்ராசஸர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர், இது போதும் பயாஸ் ஸ்க்ரீன் வர்றதுக்கு. வந்துச்சுன்னா ஒவ்வொண்ணா திரும்ப சொருகிட்டே வாங்க, எதை சொருகும்போது மறுபடி படுக்குதோ அதுதான் ஆளு. ஒவ்வொரு தடவையும் பிளக்க எடுத்துட்டுத்தான் சொருகணும், சோம்பேறித்தனம் பட்டா போர்டு போயிடும்.

அந்த வட்ட பேட்டரி

போர்டுல ஒரு ரூபா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. பேர்லயே அளவு இருக்கு, 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். 3 வோல்ட். கம்ப்யூட்டர் பிளக்ல இல்லாதப்ப கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாத்துறது இதுதான். இது செத்தா ஒவ்வொரு தடவையும் "சிமோஸ் செக்சம் எர்ரர்"னு வந்து எஃப்1 கேக்கும், தேதி போர்டு செஞ்ச காலத்துக்கு பின்னாடி போயிடும். தேதி தப்பா இருந்தா பிரவுசர்ல எந்த சைட் திறந்தாலும் பாதுகாப்பு இல்லன்னு பயமுறுத்தும், நம்மாளுங்க வைரஸ்னு நெனைச்சுக்குவாங்க. சித்தப்பாவுக்கு வேற மாதிரி வந்துச்சு, அன்னைக்கு கோசாரம் பாக்க வந்தவருக்கு 2007 ஜனவரி 1ம் தேதி கிரக நிலைய வச்சு பலன் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, சனி எங்க இருக்குன்னு பாத்த பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப் போட்டுச்சாம்.

பேட்டரி வாட்ச் கடையிலயே கெடைக்கும், எழுத்து இருக்குற பக்கம் மேல வர்ற மாதிரி போடணும். ஆனா மாத்துறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்டுல எச்61 போர்டு, ரெண்டாவது ஜெனரேஷன் ஐ3, விண்டோஸ் 7. பேட்டரி மாத்துனான், தேதி சரி ஆச்சு, விண்டோஸ் மட்டும் லோகோ வந்து நீலமா ஒரு மின்னல் அடிச்சு திரும்ப ரீஸ்டார்ட், திரும்ப ரீஸ்டார்ட். கடையில காட்டுனா விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அவன் எனக்கு போன் பண்ணப்ப எஃப்8 அமுக்கி, தானா ரீஸ்டார்ட் ஆகுறத நிறுத்துற ஆப்ஷன போடச் சொன்னேன், இப்ப அந்த நீல ஸ்க்ரீன் நின்னுச்சு, எர்ரர் கோடு கடைசில 7B-ன்னு முடிஞ்சுச்சு. அதுக்கு அர்த்தம் விண்டோஸால டிஸ்க்க தொட முடியல. காரணம் என்னன்னா, பேட்டரிய எடுத்தப்ப பயாஸ் எல்லாம் கம்பெனில வந்தப்ப இருந்த நிலைக்கு போயிடுச்சு, விண்டோஸ் போட்டப்ப சாட்டா மோட் (டிஸ்க்கோட போர்டு பேசுற முறை) ஏஹெச்சிஐல இருந்துச்சு, இப்ப ஐடிஇக்கு மாறிடுச்சு. பயாஸ்குள்ள போய் அந்த ஒரு வரிய மாத்தி எஃப்10 அமுக்குனான், அடுத்த நிமிஷம் அவன் டெஸ்க்டாப் வந்துடுச்சு. அதனால பேட்டரி சாகுறதுக்கு முன்னாடியே ஒரு நாள் டெலிட் கீ அமுக்கி (சிலதுல எஃப்2) பயாஸ்குள்ள போய் ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஆன் ஆகி தானா ஆஃப் ஆகுது

சூடு. பயாஸ் ஸ்க்ரீன்ல சிபியு டெம்பரேச்சர்னு ஒரு வரி இருக்கும், அங்க சும்மா நிக்கும்போதே 80, 90னு ஏறிட்டே போச்சுன்னா ஹீட் சிங்க் (சூட்ட இழுத்து வெளிய விடுற உலோகக் கட்டை) ப்ராசஸர் மேல ஒழுங்கா உக்காரல. அந்தக் காலத்து 775 சாக்கெட் கூலர்ல நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் புஷ் பின் இருக்கும், அதுல ஒண்ணு கழண்டு வந்தாலே போதும். நாலும் பின்பக்கம் வரைக்கும் எறங்கியிருக்கான்னு பாருங்க. ப்ராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவுல தடவியிருக்குற பழைய பேஸ்ட் காஞ்ச சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தா தொடச்சுட்டு புதுசு வைங்க, ஒரு துவரம் பருப்பு அளவு போதும், தோசை மாவு மாதிரி ஊத்த வேண்டாம்.

காலைல நாலஞ்சு தடவை அமுக்குனாத்தான் வருது, ஒரு தடவை வந்துட்டா அன்னைக்கு முழுக்க ஓடுதுன்னா போர்டுல நிக்கிற குட்டி குட்டி டிரம் மாதிரி கெப்பாசிட்டர் தலையப் பாருங்க. தட்டையா இருக்கணும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, மேல பழுப்பா கசிஞ்சு காஞ்சிருந்தாலோ அதுதான் காரணம். 2000களோட முதல் பாதியில வந்த போர்டுகள்ல கெட்ட எலக்ட்ரோலைட் போட்ட கெப்பாசிட்டர்கள் உலகம் பூரா இப்படி உப்பிச்சு, அதுக்கு ஆங்கிலத்துல கெப்பாசிட்டர் பிளேக்னே பேரு வச்சாங்க. சால்டரிங் தெரிஞ்ச ஆள் இருந்தா மாத்தலாம், ஆனா அந்த வயசு போர்டுக்கு அவ்வளவு மெனக்கெடணுமான்னு கேட்டா, நான் மாட்டேன்.

எழுத்து வருது, விண்டோஸ் வரல

கருப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை எழுத்துல "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்", "டிஸ்க் பூட் ஃபெயிலியர்", "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்", இப்படி ஏதாவது வந்தா பதறாதீங்க. யுஎஸ்பில பென்டிரைவ், மெமரி கார்டு ரீடர் ஏதாவது சொருகியிருக்கா? எடுங்க. பயாஸ் அதைத்தான் முதல்ல படிச்சுட்டு விண்டோஸ் இல்லையேன்னு கத்திட்டு இருக்கும். எடுத்தும் வரலன்னா பயாஸ்குள்ள போய் ஹார்ட் டிஸ்க் பேரு காட்டுதான்னு பாருங்க. காட்டுதுன்னா பூட் ஆர்டர்ல (எதை முதல்ல படிக்கணும்ங்கற வரிசை) அதை மேல ஏத்துங்க. காட்டலன்னா சாட்டா கேபிள ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுங்க, இல்ல டிவிடி டிரைவோட கேபிள எடுத்து இதுக்கு போடுங்க, அந்த சிவப்பு கேபிள் பழசானா லூஸ் ஆயிடும்.

கேபிள் மாத்தியும் காட்டலன்னா டிஸ்க்கோட உடம்புல காத வச்சுக் கேளுங்க. டிக்... டிக்... டிக்னு ஒரே தாளத்துல அடிச்சுட்டு நின்னுடுச்சுன்னா டிஸ்க்க படிக்கிற தலை (ஹெட்) போயிட்டு இருக்கு. இங்கதான் பெரும்பாலானவங்க தப்பு பண்றாங்க. திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்குறது, செக் டிஸ்க் ஓட்டுறது, விண்டோஸ திரும்ப போடுறது எல்லாமே சாகப் போற டிஸ்க்க மாடிப்படி ஏற வைக்கிற மாதிரி. உள்ள வேணும்ங்கற ஃபைல் இருந்தா உடனே நிறுத்திட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட போங்க. சத்தம் இல்லாம பயாஸ் "ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்"னு மட்டும் சொன்னா இன்னும் கொஞ்சம் டைம் இருக்கு, அன்னைக்கே காப்பி எடுத்துடுங்க, நாளைக்குன்னு சொல்லாதீங்க.

லோகோ வரைக்கும் வந்து நிக்குதுன்னா எக்ஸ்பி, 7 ரெண்டுலயும் லோகோ வர்றதுக்கு முன்னாடி எஃப்8 தட்டிட்டே இருந்தா சேஃப் மோட் (அவசியமான டிரைவரோட மட்டும் விண்டோஸ் வர்ற முறை) வரும். சேஃப் மோட்ல வந்துச்சுன்னா சமீபத்துல போட்ட டிரைவரோ ஆன்டிவைரஸோதான், அதை தூக்குங்க. 10ல எஃப்8 வேலை செய்யாது, லோகோ சுத்தும்போது பவர் பட்டன அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்றத ரெண்டு மூணு தடவை செஞ்சா அதுவே ரிப்பேர் மெனு காட்டும். எதுவுமே வேலைக்கு ஆகலன்னா லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட ஒரு பென்டிரைவ்ல பூட் பண்ணி உள்ள இருக்குற போட்டோ, ஃபைல் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு, அதுக்கு அப்புறம் ஃபார்மட்ட பத்தி யோசிங்க. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓட, 7க்கு 2020 ஜனவரி 14ஓட அப்டேட் நின்னு போச்சு, அதனால இந்த மெஷினெல்லாம் நெட் இல்லாம இருக்குறதே நல்லது, சித்தப்பாவோடது அப்படித்தான் இருக்கு.

போன மாசம் திரும்ப போன் வந்துச்சு. எடுத்த உடனே, "தம்பி, ஃபேன் சுத்துது, ஒரு பீப் வந்துச்சு, டிஸ்ப்ளே இருக்கு, எக்ஸ்பி லோகோ வருது, அந்த நீலக் கோடு ஓடிட்டே இருக்கு, அதுக்கு மேல போகல"ன்னாரு.

"டிஸ்க்ல ஏதாச்சும் சத்தம் வருதா சித்தப்பா?"

"இரு இரு, சித்திய மிக்ஸிய நிறுத்தச் சொல்றேன்."